எடை பார்த்து வாங்கின சத்தம்

இனி நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பைபிள்மேல் கை வைத்தே சத்தியம் செய்வேன். நான் அடிக்கடி அப்படிச் செய்கிறேன் என்று என் மனைவி அதை எடுத்து எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள். ஆகவே வேறு சத்தியம்: இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால், என் வீட்டு ஜன்னலுக்கு நேராகக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஆடி மாசம் முழுக்கப் பாட்டுப் போடுங்கள்.

ஒலிபெருக்கி வியாபாரம் என்பது காதுக்கான சாமானைக் கைக்கு விற்கிற தொழில். எண்பதுகளில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் கடை போட்டு, மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஆம்ப்ளிஃபயர், குழாய், மைக் எல்லாம் சப்ளை செய்தேன். நீங்களும் எதையாவது விற்றுப் பிழைத்தவர் என்றால், மேலே படிக்கும்போது உங்களுக்கும் கொஞ்சம் முதுகு வலிக்கும்.

தராசு இல்லாத எடை

அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர் வால்வு போட்டது. உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் ஓர் ஆட்டுக்குட்டி கனம். பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் அதற்கு முழு டிக்கெட் கிழிப்பார். மரியாதைக்காக ஜன்னலோர சீட்டும் கொடுப்பார். மார்கழி பஜனையில் டீ ஆறிப்போனால் கிளாஸை அதன் தலைமேல் வைத்துச் சூடாக்கிக் குடிப்பார்கள்.

திருவேற்காட்டில் மைக் செட் வைத்திருந்த கண்ணப்பன்தான் என் பெரிய வாடிக்கை. அவர் ஒரு சாமானை வாங்கினால் ஆவடி முதல் பூந்தமல்லி வரை எல்லா மைக் செட்காரனும் வாங்குவான். வேண்டாம் என்றால் ஒருத்தனும் தொடமாட்டான். ஆனால் மனிதர் ஒருநாளும் 'ஸ்விட்சைப் போடு, கேட்போம்' என்று சொன்னதில்லை. இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது கையால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவார். முகம் சிவந்தால் நல்ல சாமான்.

இந்த நேரத்தில்தான் கம்பெனி வால்வை நிறுத்திவிட்டு டிரான்சிஸ்டர் மாடலை இறக்கியது. பொங்கலுக்குள் இந்தச் சரக்கு முழுவதும் போகவில்லை என்றால் ஏஜென்சி அம்பத்தூர்க்காரருக்கு என்று போனில் சொல்லிவிட்டார்கள். அம்பத்தூர்க்காரர் என் போட்டிக் கடைக்காரர். ஏஜென்சி போனால் கடையில் மிஞ்சுவது நானும் சர்வீஸ் பார்க்கும் என் மச்சான் தேவசகாயமும்தான். எங்களை யாரும் வாடகைக்கு எடுக்கமாட்டார்கள்.

கண்ணப்பன் வந்தார். பழைய பழக்கத்தில் முழுப் பலத்தையும் கூட்டித் தூக்கினார். புது ஆம்ப்ளிஃபயர் அவர் தலைக்குமேல் போய், ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்திவிட்டுக் கீழே வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா நைனா, உள்ள வெக்க வேண்டியத வெக்க மறந்துட்டானா?"

மச்சானின் கண்டுபிடிப்பு

பொங்கல் நெருங்க நெருங்க ஒரு பெட்டியும் நகரவில்லை. தேவசகாயம் ஒரு மத்தியானம் சைக்கிளில் சென்னீர்குப்பம் பக்கம் போய்விட்டு, கேரியரில் ஒரு மூட்டையோடு வந்தான். ரோடு போட வைத்திருந்த கருங்கல் துண்டுகள். ஒன்றை எடுத்துக் கழுவி, பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றி, ஆம்ப்ளிஃபயருக்குள் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் வைத்து, இரும்புப் பட்டி போட்டு முடுக்கினான்.

"டேய், எவனாவது திறந்து பார்த்தா?" என்றேன்.

"கவலைப்படாதீங்க மாமா," என்று கல்லின்மேல் சிவப்பில் ஒரு ஒயரும் கறுப்பில் ஒரு ஒயரும் ஒட்டினான். இரண்டும் எங்கிருந்தும் வரவில்லை, எங்கேயும் போகவில்லை. பார்க்க மட்டும் அத்தனை லட்சணம்.

மறுநாள் கண்ணப்பனைக் கூப்பிட்டு, புதுச் சரக்கு வந்திருக்கிறது என்றேன். கையை இடுப்பில் ஊன்றினார், தூக்கினார். முகம் சிவந்தது, கழுத்தில் நரம்பும் புடைத்தது. அந்த வாரமே மற்றவர்களும் வந்து தூக்கினார்கள். பொங்கலுக்கு முன் கடை காலி, ஏஜென்சி தப்பித்தது. கண்ணப்பன் அன்றைக்கு ஆட்டோவில் ஏற்றும்போது சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் சர்ட்டிஃபிகேட்: "இப்பதான் நைனா இதுல சத்தம் கீது."

ஆவடி மெக்கானிக்

ஒரு திருவிழாவில் கண்ணப்பனின் ஆம்ப்ளிஃபயர் மழையில் நனைந்து நின்றுபோனது. மனிதர் என்னிடம் வராமல், திருவிழா அங்கே நடந்ததால், ஆவடியில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் எனக்கு இட்லி இறங்கவில்லை. தேவசகாயம் இரண்டு நாள் கடைக்கே வராமல் ஜெபக்கூட்டத்துக்குப் போனான். அதற்கு முன்னும் பின்னும் அவன் போய் நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் கண்ணப்பன் வந்தார். துண்டில் கட்டிய ஒரு மூட்டையை மேஜைமேல் டொம்மென்று வைத்தார். அவிழ்த்தால், சைக்கிள் டியூப்போடு எங்கள் கல். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டேன்.

கண்ணப்பன் என் காதுப் பக்கம் குனிந்தார். மெக்கானிக் எல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டானாம். ஸ்பீக்கர் அதிரும்போது சத்தம் ஆடாமல் பிடித்து நிறுத்துவதே இந்தக் கல்தானாம்; இது போய்விட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பிரயோஜனமில்லையாம். பிறகு ரொம்பக் கவலையோடு கேட்டார்: "கல்லு விரிசல் உட்டுகீது நைனா, ஸ்பேர் கீதா?"

திருப்பிச் சொல்லும் பெட்டி

தொண்ணூறுகள் பிறந்தன. ரெக்கார்டு தட்டு போய் கேசட் வந்தது, குழாய் குறைந்து பாக்ஸ் வந்தது, எக்கோ என்று ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. ஒரு தரம் சொன்னால் அது நாலு தரம் சொல்லும். கண்ணப்பன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிட்டார். அதற்குள் கல் வைக்க இடமில்லை என்று மச்சானும் கையை விரித்துவிட்டான்.

அதை முதலில் வாங்கினவர் ஆவடிக்குப் பக்கத்தில் ஓடு போட்ட சிறிய சபை வைத்திருந்த ஒரு பாஸ்டர். தூக்கிப் பார்க்காமல், காதால் கேட்டு வாங்கின ஒரே மனிதர் அவர்தான். மைக்கில் "ஆமென்" என்றார். "ஆமென், ஆமென், ஆமென்" என்றது பெட்டி. பாஸ்டர் கண் கலங்கிவிட்டார்: "இத்தனை வருஷமா சபையில ஒருத்தரும் திருப்பிச் சொல்லல பிரதர், இந்தப் பெட்டியாவது சொல்லுதே."

மேனேஜர் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார்

என்னிடம் கிடைக்காத ஸ்பேர் கல்லைக் கண்ணப்பனுக்காகத் தேடிய அந்த ஆவடி மெக்கானிக் நேராக அம்பத்தூர்க்காரர் கடைக்குப் போய், "ஆம்ப்ளிஃபயர் கல் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறான். அம்பத்தூர்க்காரருக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். நேரில் பார்த்து, நிஜம் என்றால் ஏஜென்சியை அங்கேயே ரத்து செய்ய பம்பாயிலிருந்து மேனேஜர் கிளம்பிவிட்டார்.

அவர் வருகிற அன்று காலை, கடையில் புதிதாக வந்து கல் ஏறியிருந்த அத்தனை ஆம்ப்ளிஃபயரையும் திறந்து கல்லை எடுத்து, மூட்டை கட்டிப் பக்கத்துக் கடை டீ மாஸ்டரிடம் கொடுத்துவிட்டோம். மேனேஜர் வந்தார். பையிலிருந்து சொந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒன்றிலும் கல் இல்லை. "மன்னிக்கணும், பொறாமையில சொல்லியிருக்காங்க," என்று எழுந்து கை கொடுத்தார். நான் கொடுத்த கையை அவர் இன்னும் விடவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தோளில் ஓர் ஆம்ப்ளிஃபயரோடு கண்ணப்பன் இறங்கினார். காலையில் அவர் ஆள் அனுப்பி ஒன்று வாங்கியிருக்கிறார். அவசரத்தில் மச்சான் கல் எடுத்ததைக் கொடுத்துவிட்டான்.

"இன்னா நைனா, இவ்ளோ நாள் பயகிகினு என்னியே ஏமாத்திட்டியே! கல்லு எங்க?" என்று தெருவே கேட்கக் கத்தினார். ஆம்ப்ளிஃபயர் தேவைப்படாத குரல்.

மேனேஜர் என் கையை விட்டார். "என்ன கல்?" என்றார்.

கண்ணப்பன் அவரை ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆட்டோவிலிருந்து கல் வைத்த தன் பழைய ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்து, "இத்த தூக்கு சார். இப்ப அத்த தூக்கு," என்றார். மேனேஜர் தூக்கினார். ஒரு தரம், இன்னொரு தரம். கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி தூக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார், "கல் வச்சதுல எத்தனை மிச்சம் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். எல்லாம் வித்துப்போச்சு."

"அம்பத்தூர்ல நாங்க சாம்பிளுக்குக் கொடுத்தது எல்லாம் விக்காம அப்படியே இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டார். ஏஜென்சியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆட்டோ பிடிக்கப் போனவரைக் கண்ணப்பன் விடவில்லை: "சார், கம்பெனில சொல்லிடு, கல்ல அங்கயே வெச்சி அனுப்பட்டும், இந்தாள நம்ப முடில!"

ஸ்டெபிலிட்டி பிளேட்

அடுத்த வருஷம் புது மாடல் வந்தது. பிரித்தால், அடியில் கனமாக ஓர் இரும்புத் தகடு. எதற்கும் உதவாது, ஆனால் நாலு மூலையிலும் பளபளவென்று திருகு. கம்பெனி அச்சடித்த அட்டையில் அதற்கு 'ஸ்டெபிலிட்டி பிளேட்' என்று பெயர் போட்டிருந்தார்கள். தேவசகாயம் அதைத் தடவிப் பார்த்தான். "ஒயர் ஒட்டல மாமா, வேலை தெரியாதவங்க," என்றான்.

கண்ணப்பன் வந்தார். கையை இடுப்பில் ஊன்றித் தூக்கினார். முகம் செக்கச்செவேலென்று ஆனது. இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "பரவால்ல நைனா, கம்பெனிக்காரனும் தொழில் கத்துகினான்."

மொத்தத்தில், நான் அத்தனை வருஷமும் சத்தம் விற்றதாகத்தான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது, ரோட்டுக் கல்லை விற்ற கதை உங்களுக்குத் தெரிந்ததோடு இருக்கட்டும், கண்ணப்பன் இன்னும் அந்த விரிசல் விட்ட கல்லுக்கு ஸ்பேர் கேட்டுக்கொண்டிருப்பதால், சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.