ரீத்தாவின் கைச்சாடை

ரீத்தாவுக்குக் குரல் என்று ஒன்று இருப்பதே ஆயர் ஈத்தாம் ஊரில் பலருக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். மாதா கோயிலில் பாட்டுக்கு வாய் அசையும், சத்தம் வராது. கண் மட்டும் ஓயாது. எந்த ஆடு நொண்டுகிறது, யார் வீட்டில் இன்று அடுப்புப் புகையவில்லை என்பதெல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

சண்டைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஜப்பான்காரன் குண்டு போட்ட டிசம்பரில் துரைசானி சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிவிட்டாள். மூன்றாம் நாள் ரீத்தா போய்ப் பார்த்தபோது பூட்டிய வாசலில் மோலி கிடந்தது. ஸ்காட்லாந்து ஆட்டுநாய். பழுப்பும் வெள்ளையுமாக, கழுத்தைச் சுற்றிக் கம்பளி போர்த்தினாற்போல நீள முடி. ரீத்தா கூப்பிடவில்லை. திரும்பி நடந்தாள். மோலி பின்னாலேயே வந்தது.

வீட்டில் அண்ணன் சூசையும் ஒன்பது ஆடுகளும்தான்.

"மனுஷனுக்கே மரவள்ளிக்கிழங்கு. இதுல உனக்கு வெள்ளைக்கார விருந்தாளி வேறயா?" என்றான் சூசை. ஆனாலும் தன் கிழங்கில் ஒரு துண்டை அதன் முன்னால் போட்டான்.

முதல் வாரமே ரீத்தா ஒரு தப்புச் செய்தாள். நீள முடியென்றால் எண்ணெய் வைத்து வார வேண்டும்; அவளுக்குத் தெரிந்தது அதுதான். வீட்டிலிருந்த தேங்காயெண்ணெயில் பாதியை மோலிக்குத் தேய்த்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் செம்மண்ணும் சருகும் எறும்பும் அப்பிக்கொண்டு, குப்பைமேடு ஒன்று வாலாட்டியபடி வந்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு மலாய்க்காரி சித்தி ஆயிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அலாமா! அடுத்து என்னடி, ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டப் போறியாலா?"

சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் மூன்று நாள் கழுவித்தான் அந்த எண்ணெய் போனது. அப்புறம் ரீத்தா பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும்தான் சிக்கு விழும். அதை முதலில் விரலால் பிரிக்க வேண்டும். பிறகு வகிடு வகிடாக எடுத்து, தோலிலிருந்து நுனிவரை சீப்பு போக வேண்டும். மேலாக வாரினால் உள்ளே உண்ணி குடியிருக்கும்.

வாருவது கைவந்துவிட்டது. வேலை வாங்குவதுதான் வரவில்லை. மோலிக்குத் தெரிந்ததெல்லாம் இங்கிலீஷ். ஊரோ இப்போது ஜப்பான்காரன் கையில்; இங்கிலீஷில் ஒரு சொல் வெளியே கேட்டால் யாராவது போய்க் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். தமிழில் சொன்னால் தலையைச் சாய்த்துப் பார்த்தது. ரீத்தாவின் குரலோ நாலடி தாண்டாது.

ஒருநாள் மேட்டில் நின்று கொசுவை விரட்ட இடது கையை வீசினாள். மோலி இடப்பக்கமாகப் பாய்ந்தது. வட்டமடித்துப் போய் ஆடுகளை வளைத்துக்கொண்டு அவள் காலடிக்கே வந்தது! வலது கையை நீட்டிப் பார்த்தாள். வலப்பக்கம் பறந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இதுவும் என்னைப்போலக் கண்ணால்தான் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எல்லாம் கைச்சாடைதான். உள்ளங்கையைத் தரையை நோக்கிக் காட்டினால் படுக்க வேண்டும். கையை எடுக்கும்வரை அசையக் கூடாது. இதற்கு மட்டும் ஆறு வாரம் பிடித்தது. சரியாகச் செய்த ஒவ்வொரு முறையும் ஒரு துணுக்குக் கருவாடு.

சூசை இதையெல்லாம் பார்க்கவில்லை. விடியுமுன்னே லாரியேறி பாயான் லெப்பாஸ் விமானத் திடலுக்கு மண்வேலைக்குப் போகிறவன். அதனால்தான் கிராணி அம்பிகைபாகன் வந்து மோலியைக் கேட்டபோது உடனே தலையாட்டிவிட்டான். கிராணியார் யாழ்ப்பாணத்தார், ஜப்பான்காரன் அலுவலகத்தில் கணக்கெழுதுபவர்.

"எங்கட ஆபீசருக்கு நாயெண்டால் உயிர், சூசை. குடுத்தால் ஒரு மூட்டை அரிசி. ஞாயிற்றுக்கிழமை வாறன்."

"அரிசிடி ரீத்தா! நாலு மாசமாச்சு கண்ணால பாத்து" என்றான் சூசை. அன்று ரீத்தா மோலியை இரண்டு முறை வாரினாள்.

சனிக்கிழமை சூசைக்கு வேலையில்லை. மத்தியானம் ஆடு பார்க்கப் போனவன் முகம் வெளுத்து ஓடிவந்தான். மழையில் வேலிக்கம்பு சாய்ந்து, ஒன்பது ஆடும் பட்டாளத்துக் காய்கறித் தோட்டத்துக்குள் நின்றன. தோட்டத்துக் கொட்டகையில் முதுகைக் காட்டியபடி ஒரு சிப்பாய் சோறு தின்றுகொண்டிருந்தான். பிடிபட்டால் ஆடும் போகும், சூசையின் பல்லும் போகும்.

ரீத்தாவும் மோலியும் அவனோடு வேலியோரம் வந்ததும், ஆடுகளைக் கூப்பிட சூசை வாயைத் திறந்தான். ரீத்தா அவன் வாயைப் பொத்தினாள். அண்ணனை அவள் அதட்டியதுகூட இல்லை.

இடது கையை வீசினாள். மோலி பாத்தி ஓரமாகப் பதுங்கி ஓடி, ஆடுகளுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. குரைக்கவில்லை. வெறும் பார்வை. ஒன்று, இரண்டு, நான்கு என்று ஆடுகள் வேலி இடுக்கு வழியாக வெளியே வந்தன. கிழட்டுக் கிடா மட்டும் திரும்பி நின்று கொம்பை ஆட்டியது. மோலி ஓரடி வைத்தது. இன்னும் ஓரடி. கிடா பார்வையைத் திருப்பிக்கொண்டு நடந்தது.

சிப்பாய் எழுந்து சோம்பல் முறித்தான். ரீத்தாவின் உள்ளங்கை கவிழ்ந்தது. மரவள்ளிச் செடிகளுக்குள் மோலி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அவன் கையைக் கழுவிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். வலது கை. கடைசிக் குட்டியும் வெளியே!

மேட்டுக்கு வந்ததும் சூசை மோலியைக் கட்டிக்கொண்டான். "இத எவன்டி குடுப்பான்?" என்றான். அடுத்த நிமிடமே முகம் விழுந்தது. "ஆனா கிராணியார்கிட்ட எப்பிடி இல்லேன்றது? அவரு ஆபீசர்கிட்ட சொன்னா நாயும் போகும், நானும் போவேன்."

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் சைக்கிள் மணி கேட்டது. பின்னால் அரிசி மூட்டை. ரீத்தா மோலிக்கு முன்னால் நின்று உள்ளங்கையைக் கவிழ்த்தாள்.

"மோலி! வா, வா" என்றார் கிராணியார். அசைவில்லை. கைதட்டினார். அசைவில்லை. "இதென்ன, எழும்புதில்லை?"

சூசை தலையைச் சொறிந்தான்.

"அதுக்குக் காது கேக்காதுங்க."

சொன்னது ரீத்தா. சூசையே ஒரு கணம் யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தான்.

கிராணியார் நம்பவில்லை. கிடந்த மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கி, நாயின் தலைக்கு மேலே சைக்கிள் பம்பால் ஓங்கி அடித்தார். கோழிகள் பறந்தன. சித்தி ஆயிஷா வீட்டுக்குள்ளிருந்து கத்தினாள். மோலியின் காது நுனி துடித்தது. ரீத்தா விரல்களை விறைத்தாள். மோலியின் கண் அந்த விரல்களிலேயே இருந்தது.

"துரைசானி எதுக்கு விட்டுட்டுப் போனாங்கன்னு இப்பத்தான் வெளங்குதுங்க" என்றான் சூசை, சோகமாக.

"கடவுளே! செவிட்டு நாயைக் குடுத்திருந்தால் என்ர கன்னமெல்லோ வீங்கியிருக்கும்!" கிராணியார் சைக்கிளைத் திருப்பினார். அரிசி மூட்டை ஆடி ஆடித் தெருமுனையில் மறைந்தது. சூசை அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"பூசைக்குப் போய்ட்டு வந்த காலோட பொய்யாடி? சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல என்ன சொல்லுவே?"

"நீ சொல்றதத்தான் நானும் சொல்லுவேன்" என்றாள் ரீத்தா. இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சிரித்த சிரிப்பில் ரீத்தா கையை எடுக்க மறந்துவிட்டாள். மோலி இன்னும் மூச்சடக்கிக் கிடந்தது. "அடி என் தங்கமே!" என்று கையை உயர்த்தினாள். மோலி துள்ளி எழுந்து, பறந்த கோழிகளையெல்லாம் வளைத்து முற்றத்துக்கு ஓட்டிவரக் கிளம்பியது.