இரண்டு விரல் முடி

கடைவீதியின் கோடியில் சலூன் வைத்திருக்கும் அவரை ஊரே தாடி என்றுதான் கூப்பிடும். ஊரார் முகத்தையெல்லாம் வழவழவென்று ஆக்கி அனுப்புகிறவர் தன் முகத்தை மட்டும் காடாக விட்டுவைத்திருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? புதிதாக வருகிறவர்கள் இவரை நம்பித் தலையைக் கொடுக்கலாமா என்று வாசலில் ஒரு நிமிடம் தயங்குவார்கள். பக்கத்தில் வேறு கடை இல்லாததால் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எழுந்து போகும்போது அடுத்த மாதமும் இங்கேதான் என்று முடிவு செய்திருப்பார்கள்.

அவர் கடைக் கண்ணாடியில் உங்கள் முகம் முழுதாகத் தெரியாது. சுற்றிலும் நாய்களும் பூனைகளுமாகப் புகைப்படங்கள் ஒட்டியிருக்கும். எல்லாம் வீடு தேடிக் காத்திருப்பவை. ஒற்றைக் காது நாய், மூன்று கால் பூனை, சிரிப்பது போலவே பிறந்துவிட்ட ஒரு குட்டி. முடி வெட்ட உட்கார்ந்த மனிதன் அரை மணி நேரம் தலையை இப்படி அப்படித் திருப்ப முடியாது, வேறெங்கும் பார்க்கவும் முடியாது. போதாக்குறைக்குக் காதருகே தாடியின் பேச்சு. அந்தப் பூனைக்கு இன்ன குணம், இந்த நாய் ராத்திரியில் குரைக்கவே குரைக்காது என்று கத்தரியோடு போட்டி போட்டுக்கொண்டு வாய் ஓடும். வங்கி மேலாளர் ஒருவர் பூனையெல்லாம் நமக்குச் சரிப்படாது என்று தலையை ஆட்டப் போய்க் காதோரம் கோணலாகிவிட்டது. அதைச் சரிசெய்ய இன்னொரு கால் மணி நேரம் ஆனது. அதற்குள் பூனை அவருடையதாகிவிட்டது. பதினோரு வருடத்தில் இப்படி எழுபத்துமூன்று நாய்களுக்கும் பத்தொன்பது பூனைகளுக்கும் அந்த நாற்காலியிலிருந்து வீடு கிடைத்திருக்கிறது.

இதெல்லாம் ஏதோ பெரிய இரக்கத்தில் தொடங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். தொடங்கியது கோபத்தில். ஊருக்கு வெளியே ஒரு பழைய டயர் கிடங்கில் கால்நடை டாக்டரம்மா ஒருவர் ஆதரவற்ற பிராணிகளுக்குக் காப்பகம் நடத்துகிறார். பழைய மெஷின் ஏதாவது இருந்தால் கொடுங்கள், நாய்களுக்கு முடி சிக்குப் பிடித்துப் புண்ணாகிறது என்று ஒருநாள் கேட்டு வந்தார். தாடி மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அந்த அம்மா வெட்டுகிற அழகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புல் பிடுங்குவது போலிருந்தது. தொழில் தெரிந்த மனிதருக்கு அது பொறுக்கவில்லை. மெஷினைக் கையிலிருந்து வாங்கி, நகருங்கள் என்றார். அன்றிலிருந்து கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமை எல்லாம் காப்பகத்துக்குப் போய்விட்டது.

அங்கேயும் அவர் நடைமுறையில் மாற்றம் கிடையாது. நாயை மேசையில் ஏற்றிக் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டுவார். பக்கத்தில் குறைக்கணுமா, மேலேயும் எடுக்கணுமா என்று கேட்பார். மழையைப் பற்றி, விலைவாசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வெட்டுவார். முடிந்ததும் பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார். கடிக்க வந்த நாய்கூட அந்தப் பேச்சு எப்போது நிற்கும் என்ற யோசனையில் கடிக்க மறந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை சொதப்பினார். காப்பகத்தில் மூன்று வருடமாக யாரும் கேட்காத நாய் ஒன்று இருந்தது. செம்பட்டை முடி கண்ணையும் மூடி, கால்களையும் மூடி, படுத்திருந்தால் துணி மூட்டை போலவே இருக்கும். அதனால் பெயரே மூட்டை. அதைக் கூட்டிப் போக நாளைக்கு ஒருவர் வருகிறார் என்று டாக்டரம்மா சொன்னதும் தாடிக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து, தன் கைவரிசை முழுவதையும் காட்டி, உடம்போடு ஒட்டக் கத்தரித்துப் பளிச்சென்று நிறுத்திவிட்டார். இதைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும் என்று தன்னையே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வந்தவர் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆனவர், தனியாக இருப்பவர். எப்போதோ டாக்டரம்மாவின் போனில் மூட்டையின் படத்தைப் பார்த்து இதுதான் என்று முடிவு செய்தவர். இப்போது எதிரே நின்ற நாயை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். இது நான் சொன்ன நாய் இல்லையே என்றார். அதுதான் இது, முடிதான் இல்லை என்று டாக்டரம்மா விளக்கினார். எனக்கு அந்த முடிதானே வேண்டும் என்று டீச்சர் சொன்னதைக் கேட்டு, பாராட்டு வாங்குவதற்காகவே கடையைச் சாத்திவிட்டு வந்து நின்ற தாடிக்கு முகம் தொங்கிப் போயிற்று.

"முப்பத்தஞ்சு வருஷம் நாப்பது ஜோடிக் கண்ணு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றார் டீச்சர். "இனிமேலாவது கண்ணே தெரியாத ஒரு ஜீவனோட நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சேன்."

மூட்டை தன் புதிய கண்களால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வருடம் கழித்து வந்த ஒரே வீடு கைநழுவிப் போகிறதே என்று தாடி குறுக்கே வந்து நின்றார். முடி வளரும் டீச்சர், நான் பொறுப்பு, வளர்ந்ததும் கூட்டிப் போங்கள் என்று கெஞ்சினார். டீச்சர் யோசித்து ஒரு நிபந்தனை வைத்தார். முடி இரண்டு விரல் அகலம் வளர வேண்டும். வாரா வாரம் வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்து தானே அளந்து பார்ப்பார். அதுவரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. தாடி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அப்போது டாக்டரம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இருபது கூண்டில் இருபத்தாறு நாய் இருக்கிறது, வெட்டினவர்தான் வளர்கிற வரைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

தாடியின் மனைவிக்குச் சலூனை ஒட்டியே தையல் கடை. நடுச்சுவரில் ஒரு கதவு. பதினோரு வருடமாக ஊர் நாய்க்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்த மனிதர் தன் வீட்டுக்கு ஒன்றைக் கொண்டுவராததற்குக் காரணம் அந்த அம்மாள்தான். தைக்கக் கொடுத்த துணியில் நாய் முடி ஒட்டினால் யார் பதில் சொல்வது என்பது அவர் கட்சி. சலூனில் இருக்கலாம், கதவைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பத்தாம் நாள் மூட்டை தையல் மெஷினுக்கு அடியில் அவர் பாதத்தின்மேல் தலைவைத்துப் படுத்திருந்தது. என்ன இது என்று தாடி கேட்டதற்கு, அதுவா வந்துச்சு, நான் ஒண்ணும் கூப்பிடல என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை மூன்று மணி என்றால் சலூனில் ஒரு நடுக்கம். அந்த ஊர் ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் டீச்சரிடம் படித்தவர்கள். வங்கி மேலாளர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு எழுந்து நின்றுவிட்டார். உட்காரு என்று டீச்சர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். டீச்சர் கைப்பையிலிருந்து பழைய மர ஸ்கேலை எடுத்து மூட்டையின் முதுகில் வைத்து அளப்பார். ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். முதலில் அதோடு கிளம்பிவிடுவார். பிறகு கொஞ்சம் உட்கார்ந்து போனார். பிறகு அவருக்கென்றே ஓரத்தில் ஒரு நாற்காலி வந்தது, தையல் கடையிலிருந்து டீ வந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒற்றைக் காது நாயைக் காட்டி, ஏன் உன் வீட்டில் இடமில்லையா என்று நாற்காலியில் இருப்பவரை அவர் கேட்டால் இல்லை என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. அந்த இரண்டு மாதத்தில் ஐந்து படங்கள் கண்ணாடியை விட்டு இறங்கின.

மூட்டைக்கும் மூன்று மணி தெரிந்துபோயிற்று. இரண்டே முக்காலுக்கே வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். தாடி அதைக் கவனித்தார். கவனித்தும் கவனிக்காதது போல இருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது உள்ளேயிருந்து பாய்ந்து வருகிற அந்த உடம்பு அவருக்குப் பழகிப் போயிருந்தது. கத்தரி ஓசை கேட்டால் நாற்காலியடியில் வந்து படுத்துக்கொள்ளும். அவர் பேசுவதை எல்லாம் காது நிமிர்த்திக் கேட்கும். இத்தனை வருடத்தில் அவர் பேச்சை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அதுதான். இன்னும் ஒரு மாதத்தில் இரண்டு விரல் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாவது வாரம், புதன்கிழமை மத்தியானம், கடையில் யாருமில்லாத நேரம். தாடி கத்தரியை எடுத்தார். துளியூண்டுதான். அந்த வாரம் வளர்ந்ததை மட்டும், கண்ணுக்கே தெரியாதபடி, முதுகு முழுக்க ஒரே சீராக எடுத்துவிட்டார். இந்த ஊரில் வேறு யாராலும் அப்படி எடுக்க முடியாது. மறுநாள் டீச்சர் அளந்தார், குறித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமையும் எடுத்தார். அதற்கடுத்த புதனும். பதினோரு வருடம் நாய்களுக்கு வீடு கிடைப்பதற்காக வெட்டிய கை இப்போது கிடைக்காமலிருக்க வெட்டியது. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அந்த நேரத்தில் மட்டும் அவர் பேசுவதில்லை.

குட்டை உடைத்தது விளக்குமாறு. இரண்டு கடையையும் பெருக்குவது அவர் மனைவிதான். குப்பையைப் பார்த்தே யார் வந்தார்கள், என்ன வெட்டினார்கள் என்று சொல்லிவிடுவார். ஒரு புதன்கிழமை சாயங்காலம் முறத்தோடு வந்து கணவன் எதிரே நின்றார்.

"உங்ககிட்ட வர்றவங்கள்ல யாருக்குங்க செம்பட்டை முடி?"

தாடி திருதிருவென்று முழித்தார். வெயிலில் வேலை செய்கிற யாரோ வந்தார்கள் என்று எதையோ பூசி மெழுகப் பார்த்தார். அந்த அம்மாள் முறத்தை நகர்த்தவே இல்லை. கணவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். தனக்கும் காலடி வெறிச்சென்றுதான் போகும் என்று ஒத்துக்கொண்டார்.

"ஆனா ரெண்டு விரல்னு அவங்க சொன்னாங்க, சரின்னு நீங்க சொன்னீங்க" என்றார். "நாளைக்கு நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மறுநாள் மூன்று மணிக்கு டீச்சர் வந்து ஸ்கேலை எடுத்தார். நாளெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் தாடியைக் கைவிட்டுவிட்டன. கடைசியில், அளக்காதீங்க டீச்சர், நான் ஏமாற்றிவிட்டேன், வாரா வாரம் வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரே மூச்சில் கொட்டினார். நாற்காலியில் இருந்த மேலாளர் பாதி மழித்த முகத்தோடு கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் நோட்டைத் திறந்து, மடித்து வைத்திருந்த கிராஃப் தாள் ஒன்றை எடுத்து விரித்தார். அழகாக ஏறிக்கொண்டே போன ஒரு கோடு, எட்டாவது வாரத்துக்குப் பிறகு தரையில் படுத்தது போல நேராகப் போயிருந்தது.

"வாரத்துக்கு மூணு மில்லிமீட்டர் ஒழுங்கா ஏறிக்கிட்டிருந்துச்சு, அப்புறம் பாருங்க, படுத்துடுச்சு" என்றார். "முடி தானா இப்படி நிக்காது தம்பி. நான் எத்தனை பேர் காப்பி அடிச்சதைப் பிடிச்சிருக்கேன்."

அப்படியென்றால் இத்தனை வாரமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டது தாடியின் மனைவி. டீச்சர் ஸ்கேலைப் பைக்குள் வைத்தார். பிறகு, தனக்கும் அது வசதியாக இருந்தது என்றார்.

"எனக்குப் பயம்மா. இங்க இவ்வளவு சந்தோஷமா இருக்கு. என் வீட்டுக்கு வந்துட்டு, நாலு நாள்ல இங்கயே ஓடி வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

தாடிதான் கழுத்துப் பட்டையை ஆணியிலிருந்து எடுத்து வந்தார். முடி இன்னும் அரை விரலுக்கு மேல் குறைகிறதே டீச்சர் என்று முனகினார். பரவாயில்லை, அந்தக் கண்ணைப் பார்த்தே பழகிவிட்டது என்றார் டீச்சர். தாடி குனிந்து பட்டையை மாட்டினார். மூட்டையின் காதில் ஏதோ சொன்னார். கயிற்றின் நுனியை டீச்சர் கையில் கொடுத்தார்.

மூவரும் வாசலுக்கு வந்தார்கள், மேலாளர் கழுத்துத் துணியோடு பின்னால் வந்து நின்றார். டீச்சர் படியிறங்கி நடந்தார். கயிற்றை அவர் இழுக்கவே இல்லை, தொளதொளவென்றுதான் பிடித்திருந்தார். மூட்டை அவர் காலை ஒட்டியே நடந்தது. மருந்துக்கடை தாண்டியது. தபால் பெட்டி தாண்டியது. முனையில் டீச்சர்தான் ஒருமுறை நின்று இவர்களைத் திரும்பிப் பார்த்தார். மூட்டை அவரை மூக்கால் முட்டி, வா போகலாம் என்பது போல இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டது.

தாடியின் கண்ணிலிருந்து வழிந்தது தாடிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வாய் சிரித்தது.

"பாத்தியா, ஒரு தடவை திரும்பிக்கூடப் பாக்கல."

"அதுக்குத்தானேங்க திங்கக்கிழமை திங்கக்கிழமை போய் வெட்டிட்டு வர்றீங்க" என்றார் மனைவி.