தாய்மாமன் வாசித்த ஆஸ்பத்திரி

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வாய்க்கு ஒரு மரியாதை உண்டு. காது குத்தவும், கல்யாணம் பேசவும், பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று முடிவு சொல்லவும் அவன் வந்தாகவேண்டும். அவனுக்கு விஷயம் தெரியுமா என்று யாரும் விசாரிப்பதில்லை. நானோ நாலு புத்தகம் படித்தவன், திருத்தணியில் குடியிருப்பவன் வேறு. அம்மையார்குப்பத்தில் இருக்கும் அக்கா குடும்பத்துக்கு நான் ஏறக்குறைய சுப்ரீம் கோர்ட்டு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்காரர், நான் பாவா என்று கூப்பிடுபவர், கூப்பிட்டனுப்பினார். அக்கா மகளுக்குச் சீனாவில் டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்கும்போல் இருந்தது. அந்தக் காலேஜின் பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம் வந்திருந்தது. பாவா விசைத்தறியை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"படிச்சிச் சொல்லு மச்சான். நீ சரின்னா அனுப்பிடறேன்."

அக்கா மகளுக்குப் படிக்கத் தெரியாமலில்லை. ஏற்கெனவே படித்து, பென்சிலால் கோடும் போட்டிருந்தாள். அவள் அப்பா அதை என் வாயால் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

அன்று புரட்டியதில் கண்ணில் பட்டதெல்லாம் இன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நூறு வருஷத்துக்கும் முன்னால் வெளிநாட்டுப் பாதிரிமார் ஒரு சின்ன வீட்டில் ஆரம்பித்த வைத்தியசாலை. யுத்த காலத்தில் கட்டில், மருந்துப்பெட்டி சகிதம் ஊர்விட்டு ஊர் போய், பாழடைந்த கோயிலில் ஆபரேஷன் செய்து, திரும்பிவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். இப்போது ஈரல் மாற்றுகிறார்கள், இயந்திரக் கையால் அறுக்கிறார்கள், பக்கத்திலேயே சீன நாட்டு மருந்தும் கொடுக்கிறார்கள், மலைக்கிராமத்து நோயாளியைத் திரையில் பார்த்து வைத்தியம் சொல்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் சீனமொழி கற்றுக்கொடுத்து, பிறகு பெரிய டாக்டர்களோடு கட்டில் கட்டிலாக அழைத்துப்போகிறார்கள். அவள் கோடு போட்டிருந்தது இங்கேதான்.

நான் வாய்விட்டுப் படித்தது படுக்கைகளின் எண்ணிக்கையை மட்டும்.

"பாவா, ஆடிக் கிருத்திகைக்கு வர்ற கூட்டத்தையே படுக்க வைக்கலாம். ஒரு வார்டுலேர்ந்து இன்னொரு வார்டுக்குப் போக டவுன் பஸ் புடிக்கணும்!"

பாவா சிரித்தார். எதிராளி சிரித்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. "ஒரு கட்டடத்துல மெஷின் கை, பக்கத்துக் கட்டடத்துல கஷாயம். எதுக்கும் கடைய விட்டு எறங்கினா கேரண்டி இல்ல பாவா. சைனா செல்போனுக்கே இல்ல, சைனா டாக்டருக்கு யார் குடுப்பான்?"

பாவா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏம்மா, உன்கு கேரண்டி இல்லியாம்மா!"

"மாமா, கோடு போட்டத மட்டும் படிங்களேன்" என்றாள் அவள்.

"ஆங், வர்றேன் இரு."

வரவில்லை. அதற்குள் கறிக்குழம்பு வந்துவிட்டது.

அந்தப் படிப்பைச் சந்தேகப்பட நியாயமான காரணங்கள் இருந்தன. திரும்பிவந்து இங்கே ஒரு பரீட்சை எழுதித் தேறவேண்டும், அது சுலபமில்லை. அதைச் சொல்லித் தடுத்திருந்தாலாவது யோசித்துச் சொன்னவன் ஆகியிருப்பேன். நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. என் வேடிக்கையையே பாவா தீர்ப்பாக எடுத்துக்கொண்டார் என்பது, அவளை லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் போய்ப் பேசவில்லை. பேசினால் புத்தகத்தை மறுபடி கையில் கொடுப்பார்களே.

போன மாதம் சர்க்கரை பார்க்க, அவள் வேலைபார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். ஒரே குத்து, வலிக்கவில்லை. பஞ்சை அழுத்திக்கொண்டு, "அன்னிக்கி அந்தப் புத்தகத்த நான் ஒழுங்கா படிச்சிருக்கணும்மா" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைத் தயார்செய்ய எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அவள் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

"நீங்க படிக்காதது கூட பரவால்ல மாமா. அப்பா அப்படிச் சிரிச்சி நான் பாத்ததே இல்ல. அதுக்கப்பறம், நான் போயே தீருவேன்னு எப்படி நிக்கிறது?"

எழுதி முடித்த குழாயைத் தாங்கியில் செருகினாள். "கைய மடக்கிகினு கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க. டிபன் சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சி வாங்க, இன்னொரு வாட்டி எடுக்கணும்" என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், "இன்னா சார், சுகரா?" என்று சிநேகமாகக் கேட்டார். வழக்கமாக அதற்கு என்னிடம் மூன்று வேடிக்கைப் பதில் தயாராக இருக்கும்.

"ஆமாங்க" என்றேன்.