ஷூவைக் கழற்ற வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கதை எழுத வராது. என் பெயர் ஜூடித், பதினான்கு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். பார்த்ததை, பார்த்த நேரத்தோடு, கூட்டாமல் குறைக்காமல் எழுதி அனுப்புவதுதான் என் பிழைப்பு. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். போன ஜூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமை நடந்தது. பேய் என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இது பட்டப்பகல். வெயில் நூற்றிரண்டு டிகிரி. என் கணவர் ஸ்டெபின் எழுதாதே என்றார். எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நாங்கள் இருப்பது டெக்ஸஸில், ஃபிரிஸ்கோவில். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஒரே மகள் அபிகாயில். ஏழு வயது. இங்கேயே பிறந்தவள், நாம் தமிழில் கேட்டால் அவளிடமிருந்து இங்கிலீஷில் பதில் வரும்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ரொவீனா கேல் என்ற கன்ட்ரி பாடகி, அதாவது அமெரிக்க கிராமத்துப் பாட்டு பாடுகிறவள். பாட்டை விட அவளுடைய மியூசிக் வீடியோக்கள். மற்ற கன்ட்ரி வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தொப்பி, ஒரு பிக்கப் டிரக், கையில் பியர், பின்னால் சூரிய அஸ்தமனம். ரொவீனா அதெல்லாம் செய்ய மாட்டாள். ஒரு வீடியோ முழுக்கத் துணி மடிக்கிறாள், அவ்வளவுதான். கடைசித் துணி ஒரு குழந்தையின் சட்டை. அதை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். இன்னொன்றில் பள்ளிக்கூட வாசலில் கார்களின் வரிசையில் காத்திருக்கிறாள். பாட்டு முடியும் வரை கேமரா அவள் கையைத்தான் காட்டும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அந்தக் கையைப் பார்த்தே நான் அழுதிருக்கிறேன். ஸ்டெபின் இதற்கு வைத்த பெயர் ஜீன்ஸ் போட்ட ஒப்பாரி. நான் கண்டுகொள்வதில்லை. முப்பது பேர் இருக்கும் ஒரு ஃபேஸ்புக் குழுவில் அவளுடைய ஒவ்வொரு வீடியோவைப் பற்றியும் தமிழில் நீளநீளமாக எழுதுவேன்.

அவளுடைய மூன்றாவது வீடியோதான் எனக்கு உயிர். ஒரு வெள்ளை மரவீடு, சுற்றிலும் வெற்று நிலம். ரொவீனா படியேறி வருகிறாள். வராந்தாவில் நின்று பூட்ஸைக் கழற்றுகிறாள். வாசலோரம் ஏற்கெனவே இருக்கும் ஜோடிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போகிறாள். அமெரிக்க வீடியோக்களில் கட்டிலிலேயே ஷூவோடு படுப்பவர்களைப் பார்த்துச் சலித்த எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். இவள் நம் வீட்டுப் பெண் என்று தோன்றிவிட்டது.

அதே வீடியோவில் ஒரு தப்பும் கண்டுபிடித்தேன். தொழில் புத்தி. ரொவீனாவின் பூட்ஸைச் சேர்க்காமல், ஐம்பதாவது வினாடியில் வாசலில் மூன்று ஜோடி. இரண்டு நிமிடம் நாற்பத்தேழில் நான்கு ஜோடி. நான்காவது சின்னது, பழுப்பு நிறம், மஞ்சள் லேஸ். எடுத்தவர்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று குழுவில் கிண்டலாக எழுதினேன்.

அந்த வீட்டை மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரசிகர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டெபினுக்கு அன்று ஆன்கால், ஆபீஸிலிருந்து கூப்பிட்டால் உடனே வேலையில் உட்கார வேண்டும். அபியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வடக்கே ஒன்றேகால் மணி நேரம், ஷெர்மன் தாண்டி. போகும் வழியெல்லாம் இருவரும் ரொவீனா பாட்டைப் பாடிக்கொண்டே போனோம்.

1:05க்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில், மரத்தடியில், மடக்கு நாற்காலி போட்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். சட்டையில் கால்வின் என்று தைத்திருந்தது. சுற்றிப் பாருங்கள், மாடிக்கு மட்டும் போக வேண்டாம் என்றார். ஷூவைக் கழற்ற வேண்டாம் என்றும் சொன்னார். நாங்கள் படியேறும்போது மரத்தடியிலிருந்தே இன்னொரு முறை உரக்கச் சொன்னார். கழற்ற வேண்டாம்.

நம் ஆட்களுக்கு இது புரியும். எந்த வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போனாலும் ஷூவைக் கழற்ற வேண்டியதில்லை என்று உபசாரமாகச் சொல்வார்கள். நாமும் பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே கழற்றுவோம். அமெரிக்கா வந்த இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு வீட்டிலும் நான் செருப்போடு நுழைந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் பிளம்பரையே வாசலில் நிறுத்திக் காலைப் பார்ப்பேன். அது மட்டுமா? ரொவீனாவே கழற்றிய வாசல் அது.

கால்வினைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினேன். என் செருப்பைக் கழற்றினேன். குனிந்து அபியின் பிங்க் ஷூவை நானே கழற்றினேன். சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்தேன். இரண்டு ஜோடியையும் ஒட்டினாற்போல் வாசலோரம் வைத்தேன். மணி 1:14.

உள்ளே போனதும் முதல் ஏமாற்றம். வீடியோவில் பார்த்த ஹால் இது இல்லை. அங்கே மஞ்சள் சுவர், இங்கே பச்சை. அங்கே ஜன்னல் இருந்த இடத்தில் இங்கே மாடிப்படி.

ஏசி இல்லை, ஃபேன்கூட இல்லை. ஆனால் தரை ஜில்லென்று இருந்தது. காற்றில் குளிர் இல்லை, தரையில் மட்டும். பாதம் வலிக்கிற அளவுக்கு.

"இட்ஸ் கோல்ட், அம்மா" என்றாள் அபி.

பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்றேன். சாப்பாட்டு மேஜை ஒன்று நீளமாகக் கிடந்தது. எட்டு நாற்காலி. எட்டும் மேஜையோடு ஒட்டித் தள்ளியிருந்தன. அப்போது எடுத்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. 1:21.

வராந்தாவில் சத்தம் கேட்டது.

டக்… டக்.

யாரோ ஒரு ஜோடி செருப்பைத் தரையில் வைக்கும் சத்தம். வேறு ரசிகர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. கால்வின் மரத்தடியில் அப்படியே இருந்தார். அபியின் ஷூ வைத்த இடத்தில் இருந்தது. என் செருப்பு மட்டும் இரண்டடி தள்ளி இருந்தது.

காற்று என்று நினைத்தேன். அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

1:25. மாடியில் காலடிச் சத்தம். வெறுங்கால். சின்னக் கால். தப் தப் தப் என்று ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடியது.

"அபி, மாடிக்குப் போகக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"ஐம் நாட் அப்ஸ்டேர்ஸ்."

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

மாடியில் ஓட்டம் நின்றது.

திரும்பினேன். அபி மேஜையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது நாற்காலி. கை இரண்டும் மடியில். மற்ற ஏழு நாற்காலிகளும் கொஞ்சம் வெளியே இழுக்கப்பட்டிருந்தன… ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு.

நாற்காலி இழுபடும் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

"அபி, எந்திரி. போலாம்."

"நோ. வீ ஹாவ் டு வெயிட்."

"யாருக்கு?"

"மாம்."

"நான் இங்கதானே நிக்கேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாட் யூ."

டக்… டக்.

வாசலுக்கு ஓடினேன். அவள் ஷூவை எடுத்து, மாட்டி, தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். அது ஒன்றுதான் மனதில்.

என் செருப்பு கடைசிப் படியில் இருந்தது. ஜோடியாக, நேராக. காரைப் பார்த்து.

பிங்க் ஷூ இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. என்னைப் போகச் சொல்கிறார்கள். அவளை இல்லை.

1:31.

உள்ளே ஓடினேன். மாடிப்படியில் கால்கள் இறங்கி வந்தன. ஒன்றிரண்டு இல்லை. நிறைய. தப் தப் தப் தப்…

படியில் யாரும் தெரியவில்லை.

அபியைத் தூக்கினேன். கனத்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

இயேசப்பா… இயேசப்பா…

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

பார்க்கவில்லை.

ஓடினேன்.

ஜல்லி கொதித்தது. என் செருப்பைத் தாண்டித்தான் ஓடினேன், எடுக்கவில்லை. கால்வின் நாற்காலியை விட்டு எழுந்து என் கார் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அபியின் காலைப் பார்த்தார். ஷூ எங்கே என்று கேட்டார். காணவில்லை என்றேன். கழற்றியது பிள்ளையா, நீயா என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரில் மணி 1:36.

அபி ஷெர்மன் வரை தேம்பித் தேம்பி அழுதாள், பிறகு தூங்கிப்போனாள். மெக்கின்னி பக்கத்தில் எழுந்து சிக்கன் நகெட்ஸ் கேட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை என்றாள். என் உள்ளங்காலில் நான்கு கொப்புளம். அதைப் பார்க்கும் வரை ஸ்டெபின் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வெயிலில் தலை சுற்றியிருக்கும் என்றார். இருக்கலாம் என்று நானும் நினைக்கப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே அந்த வீடியோவைப் போட்டேன். நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். இரண்டு நிமிடம் நாற்பத்தேழில் பிங்க் ஷூ இருக்கும் என்று பயந்து பயந்து பார்த்தேன். இல்லை. அதே நான்கு ஜோடி. அதே மஞ்சள் லேஸ். அப்பாடா என்று இருந்தது.

அபி முன்பை விட நல்ல பிள்ளையாகவே இருந்தாள். புது ஷூ வாங்கிக் கொடுத்தோம், தேங்க் யூ என்றாள். சாப்பாடு போட்டால் தேங்க் யூ. தலை பின்னினால் தேங்க் யூ. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தாள். அடிக்கடி அங்கே கூட்டிக்கொண்டு போ, நம் வீட்டுக்கு நல்லது என்று ஸ்டெபின் கேலி செய்தார்.

எனக்கு மட்டும் உறுத்தல் போகவில்லை. அந்த வீடியோவுக்கு செட் பொருட்கள் பொறுப்பு யார் என்று தேடினேன். டோரா என்று ஒரு பெண். நடந்ததை எல்லாம் எழுதாமல், வீட்டைப் பார்க்க மகளோடு போனேன், நான்காவது ஜோடி யாருடையது என்று மட்டும் கேட்டு மெயில் அனுப்பினேன். அந்த வீட்டுக்குப் போய் வந்த பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை சாயங்காலம் 6:50க்குப் பதில் வந்தது. டோரா எழுதியிருந்தது இதுதான்.

உள்ளே எடுத்த காட்சிகள் எல்லாம் வேறு ஊரில், ஸ்டுடியோவில். அந்த வீட்டு வராந்தாவை மட்டும்தான் பயன்படுத்தினோம். ரொவீனா வாசலைத் தாண்டவே இல்லை. மூன்று ஜோடி நான் வைத்தது. நான்காவது என் மகளுடையது. அன்று அவளையும் கூட்டிப் போயிருந்தேன், ஆறு வயது. பாத்ரூம் போக வேண்டும் என்றாள். மழை பெய்து ஷூவெல்லாம் சேறு, அதனால் நான் கழற்றிவிட்டு உள்ளே அனுப்பினேன். கிளம்பும்போது அந்த ஷூ கிடைக்கவில்லை. வீடியோவில் மட்டும்தான் இருக்கிறது. அந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

அதற்குக் கீழே இன்னும் மூன்று வரி.

என் மகள் நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், படிக்கிறாள். மூன்று வருடமாக அவள் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை.

போனை வைத்தேன்.

அபி ஹாலில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இந்தப் பன்னிரண்டு நாளையும் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். காலை எழுந்ததும், பள்ளிக்கூட விடுமுறை வகுப்புக்கு விடும்போது, ராத்திரி போர்த்திவிடும்போது… ஸ்டெபினை அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள். அன்று காலையில்கூடக் கேட்டேன்.

7:04.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அபி… நான் யாரு?"

க்ரேயானைக் கீழே வைத்தாள். எழுந்து நேராக உட்கார்ந்தாள். அழகாகச் சிரித்தாள்.

"யூ ஆர் மிஸ் ஜூடித்."

இந்த ஊரில் பிள்ளைகள் பக்கத்து வீட்டு ஆண்ட்டிகளை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடும். பிறகு க்ரேயானை எடுத்து மறுபடி வரைய ஆரம்பித்தாள்.