ஷிரீன் கழற்றிய மஃப்ளர்

சோப்புத் தண்ணீரில் பிரஷை முக்கி, எக்ஸாஸ்ட் குழாயின் மூட்டுகளில் தடவிக்கொண்டே போகிறார் ஷிரீன். குழாயின் வால்முனையில் ஒரு பழைய வேக்குவம் கிளீனர் காற்றை ஊதிக்கொண்டிருக்கிறது. எங்கே கசிகிறதோ அங்கே குமிழி கிளம்பும். விமானத்தைச் சோதிக்க வீடு கூட்டும் மெஷினா என்று முகம் சுளிக்கும் உரிமையாளர்களுக்கு, “உங்க வீட்டு மெஷினவிட சுத்தமாத்தான் இருக்கு” என்று பதில் வரும்.

கிள்ளானிலிருந்து தினமும் சுபாங் விமானக் கொட்டகைக்கு வருகிற உரிமம் பெற்ற விமானப் பொறியாளர் அவர். துணிக்கடை வைத்திருக்கும் அத்தா, மகள் ‘ஏர்லைன்ல இருக்கா’ என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவருகிறார். ஷிரீன் அதை மட்டும் திருத்துவதில்லை. உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் திருத்துவார். பறக்கத் தகுதியானது என்று தாம் கையெழுத்திட்ட சிறு விமானத்தில்கூட ஏறமாட்டார். நம்பிக்கை இல்லையா என்று கேட்டால், “ப்ளேன நம்புறேன். ஓட்டுறவங்கள யாரு நம்புறது?” என்பார்.

இப்போது வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்திருப்பது பாலசுந்தரத்தின் நாலு இருக்கை விமானம். அவர் பிரிக்பீல்ட்ஸில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்தே காலம் கழித்ததால், எஞ்சினுக்குள் பார்ப்பதும் தமக்குக் கைவந்ததே என்று நம்புகிறார். ஷிரீன் எதைத் தொட்டாலும், அதைக் கழற்றவே தேவையில்லை என்று பக்கத்தில் நின்று விளக்குவார். சனிக்கிழமை மனைவி குணேஸ்வரியை ஈப்போவுக்குப் பறந்து கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கித்தர வேண்டுமாம். அந்த அம்மாளுக்கோ பறக்கும்போதெல்லாம் தலையிடியாம். கணவர் கண்டுபிடித்திருந்த நோய்: ஆர்வக்குறைவு.

எக்ஸாஸ்ட் சத்தத்தை அடக்கும் மஃப்ளரைச் சுற்றியிருந்த தகரக் கூட்டைக் கழற்ற ஷிரீன் கைவைத்ததும் பாலசுந்தரம் தடுத்தார். அந்தக் கூடு ஹீட்டருக்குச் சூடான காற்றுப் பிடிக்கத்தான் இருக்கிறது, இந்த வெயில் நாட்டில் எவன் ஹீட்டர் போடுகிறான் என்று கேட்டார்.

“இது மலேசியான்னு பொகைக்குத் தெரியாது அங்கிள்.”

கூடு கழன்றது. பிரஷ் பட்ட இடத்தில் தண்ணீர் நுரைத்துப் பொங்கியது. துடைத்துப் பார்த்தால், மஃப்ளரின் வயிற்றில் விரல் நீளத்துக்கு விரிசல். ஹீட்டரை மூடியே வைத்திருந்தாலும், தேய்ந்துபோன அதன் வால்வு வழியாகப் புகை இருக்கைப் பக்கம் வந்திருக்கிறது. அதில் கலந்த கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

ஷிரீன் திரும்பி, கணவரோடு வந்து ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த குணேஸ்வரியிடம் தலைவலி எப்போது வரும் என்று விசாரித்தார்.

“ஏறிக் கொஞ்ச நேரத்தில தொடங்கும். இறங்கி நடந்தா விட்டிடும். பறக்க விருப்பமில்லாம நான் சாட்டுச் சொல்றன் எண்டு இவர் சொல்லுவார்.”

“ஆன்டி சாட்டுச் சொல்லல அங்கிள். இது இன்னும் கொஞ்சம் பெருசாயிருந்தா, ரெண்டு பேரும் மேலயே தூங்கியிருப்பீங்க.”

பாலசுந்தரம் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. சக்கரத்தைக் குனிந்து ஆராய்ந்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை. நிமிர்ந்தபோது, சனிக்கிழமைக்குள் ஒட்டுப்போட முடியாதா என்று மெல்லக் கேட்டார். கிள்ளானில் லோரி சைலன்சருக்குப் பற்றவைக்கிற ஆள் ஒருவனைத் தமக்குத் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

“அப்ப லோரியில போங்க லா. புது மஃப்ளர் வராம நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

அவர் வாதாடிப் பார்த்தார். ஷிரீன் பதிலுக்கு போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மஃப்ளர் தனியே வந்ததும், என் சாமான்தானே என்பதுபோல் பாலசுந்தரம் கையை நீட்டினார். ஷிரீன் கரியைத் துணியால் துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, நீட்டிய கையைத் தாண்டிப் போய்க் குணேஸ்வரியின் மடியில் வைத்தார்.