ஏழுமலைக்கு வைத்த கம்பி

மனநல க்ளினிக்கில் நர்ஸாக இருப்பவருக்கு, நோயாளியைவிடக் கூட வருகிறவருக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. நீங்களும் இந்தத் தொழிலென்றால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

பக்திமான்

வேங்கிக்காலில் எங்கள் க்ளினிக். அடி அண்ணாமலையில் பூ பயிரிடும் ஏழுமலையை அவர் மனைவி வள்ளி அழைத்து வந்தார். செய்ததைச் சரியாகச் செய்தோமா என்ற சந்தேகம் ஏழுமலையை விடாது; கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவுவார். டாக்டர் அதை ஓசிடி என்பார். மலையைச் சுற்றிக் கிரிவலம் போனால், வழியிலுள்ள எட்டு லிங்கத்தில் ஏதோ ஒன்றை ஒழுங்காகக் கும்பிடவில்லை என்று தோன்றிவிடும். திரும்பவும் முதலிலிருந்து நடப்பார். பாதமெல்லாம் புண். மாத்திரை, பயிற்சி எல்லாம் வருடக்கணக்கில் பார்த்தாயிற்று.

வள்ளி சொன்னார்: "ஊர்ல பெரிய பக்திமான்னு கால்ல வுழறாங்க சிஸ்டர். வூட்ல சோத்துக்கு உக்கார மாட்டேங்கறாரு."

கையெழுத்து

மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கும் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் சிகிச்சைக்காக டாக்டர் சென்னை ஆஸ்பத்திரிக்கு எழுதினார். அதற்கு மனைவி கையெழுத்து செல்லாது. நோயாளியே சம்மதிக்க வேண்டும், பிறகு அரசு வாரியமும் அனுமதிக்க வேண்டும்.

இவரிடமா கையெழுத்து! சுழி சரியில்லை என்று ஏழு படிவங்களைக் கிழித்தார். "சீக்கிரம் போடுங்க" என்று அதட்டினேன். அழுதுவிட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. எட்டாவதில் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தாளை என் பக்கம் தள்ளினார்.

"கோணலா இருந்தாலும் என் கையெழுத்துதாங்க சிஸ்டர். சீக்கிரம் உள்ள வெச்சிப் பூட்டுங்க."

சிரிப்பு

ஆபரேஷன் முடிந்து பல மாதம் பெரிய மாற்றமில்லை. சென்னைக்குப் போய்ப் போய் மின்சார அளவை மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஒருமுறை ஜாஸ்தியாகிவிட்டது. ஏழுமலை காரணமே இல்லாமல் சிரித்தார், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் பேசினார். உடனே திரும்பப் போய்க் குறைத்தார்கள்.

வள்ளி என்னிடம் மெல்லக் கேட்டார்: "கம்மி பண்ணது சரிதான் சிஸ்டர். அந்தச் சிரிப்புல கொஞ்சூண்டு வுட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

ஒரு சுற்று

போன பௌர்ணமிக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக ஏழுமலை கிரிவலம் போனார். இரண்டு நாள் கழித்து வள்ளி மட்டும் மாத்திரை வாங்க வந்தார். எத்தனை சுற்று என்று கேட்டேன்.

"ஒண்ணுதான் சிஸ்டர். வூட்டுக்கு வந்தப்புறம், 'நிருதி லிங்கத்துல கும்புடாம வந்துட்டேன்டி'ன்னாரு. எனக்கு உயிரே போச்சி. 'அடுத்த பௌர்ணமிக்குப் பாத்துக்கலாம், சோறு போடு'ன்னு உக்காந்துட்டாரு."

கை கழுவுவது இன்னும் குறையவில்லை, முழுக் குணம் என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதர் சாமியை மறந்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார் என்ற நல்ல செய்தியைக் கேஸ் ஷீட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.