லண்டனுக்குப் பதினொரு மணித்தியாலம்

என் தேசப்படப் புத்தகத்தை எப்போது திறந்தாலும் மண்ணெண்ணெய் மணக்கும். மின்சாரம் எட்டிப் பார்க்காத, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருந்த எங்கள் படுவான்கரையில், குப்பி விளக்கடியில் விரித்து விரித்தே அதற்கு அந்த மணம் ஏறியிருந்தது. ஏஜென்சிக்காரன் ஒருவன் அண்ணனை லண்டனுக்கு ஏற்றப் போகிறான் என்றானதும், நூலைப் பிடித்துக் கொழும்பிலிருந்து லண்டன் வரை அளந்தேன். எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீற்றர் வந்தது. விமானத்தின் வேகத்தால் பிரித்தால் பதினொரு மணித்தியாலம். வகுப்பில் கணக்குக்கு முதலாம் பிள்ளை என்ற தலைக்கனம் எனக்குக் கொஞ்சமல்ல.

கொழும்பிலிருந்து அண்ணனின் கடிதம் வந்தது. விடிய இரண்டு மணிக்கு விமானம் ஏறுவதாகவும், லண்டனில் இறங்கி வெளியே வந்ததும் மட்டக்களப்பு நகரத்துக் 'கொமினிகேசன்' கடைக்குத் தொலைபேசி எடுப்பதாகவும் எழுதியிருந்தான். பதினொன்றைக் கூட்டி, வெளியே வர ஒரு மணித்தியாலம் சேர்த்து, பகல் இரண்டு மணி என்று தீர்ப்புச் சொன்னேன். விடிந்ததும் புறப்படத் துடித்த அம்மாவை, அவ்வளவு வெள்ளனப் போய்க் காத்துக் கிடப்பானேன் என்று மறித்தவளும் நான்தான்.

"நீதானே படிச்ச புள்ள, நீ சொன்னாச் சரி," என்றா அம்மா.

மண்முனைத்துறையில் 'பாதை' அக்கரையில் நின்றது. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அது வரும்வரை காத்திருந்து, வாவி கடந்து, இராணுவச் சோதனையில் பையைக் கொட்டிக் காட்டி, பஸ் ஏறிக் கடைக்குள் நுழைந்தபோது என் கைக்கடிகாரத்தில் சரியாக இரண்டு மணி. இந்தத் தாமதங்கள் எல்லாம் என் கணக்கில் இருந்தவைதான். பெருமையோடு நிமிர்ந்தேன். கடைச் சுவரில் மணி இரண்டரை.

அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் முன்னே தள்ளிவைத்திருந்த காலம் அது. அரசோடு போரிட்ட இயக்கத்தின் கையிலிருந்த எங்கள் கரை மட்டும் பழைய நேரத்திலேயே நின்றது. யார் நேரம் சொன்னாலும் "பழசா, புதுசா?" என்று கேட்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் பழக்கம். அண்ணன் எழுதியது கொழும்பு நேரம். எண்ணாயிரம் கிலோமீற்றரை அளந்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"இப்பத்தான் வெச்சவர் அக்கா," என்றார் கடைக்காரர். "அம்மா வந்திட்டாவா எண்டு மூணு தரம் எடுத்துக் கேட்டவர். வேற நாட்டுக்குக் கொண்டு போறாங்களாம். போய்ச் சேர்ந்து எடுக்கிறாராம்."

அம்மா அந்தத் தொலைபேசியையே பார்த்தபடி நின்றா. கடை பூட்டும்வரை இருந்தோம். பிறகு வாரங்களாக, மாதங்களாகப் போயிருந்தோம். அண்ணனிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. ஏஜென்சிக்காரனும் ஆளில்லை.

"பாதை பிந்தினதாலதான்," என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா சொன்னா. அரை மணித்தியாலம் பிழைத்தது என் கணக்கு என்பதை அவவிடம் மறைத்தேன்.

இன்று பாதையும் இல்லை, சோதனைச்சாவடியும் இல்லை. நாடே பழைய நேரத்துக்குத் திரும்பி இரு கரைக்கும் ஒரே மணி. எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று கைபேசியே காட்டுகிறது. மண்முனைத்துறையில் பாலம் திறந்த பின் அம்மாவை முதன்முதல் ஆட்டோவில் கூட்டிப் போனேன். அக்கரை சேர இரண்டு நிமிடமும் ஆகவில்லை. அம்மா தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னா:

"இது அப்ப இருந்திருந்தா, என்ட புள்ளையோட கதைச்சிருப்பன்."

"ஓம் அம்மா," என்றேன்.